வாடகைக் கடை மென்பொருளில் ஜிஎஸ்டி அமைப்பு: பெங்களூரு தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் கேமரா, மேடை விளக்கு, ஏசி, ஃபர்னிச்சர், லேப்டாப், பைக், சக்கர நாற்காலி என்று எதையாவது வாடகைக்கு விடுபவர்களுக்கான பக்கம் இது. வாடகைக்கென்றே விற்கப்படும் மென்பொருள்கள் பலவும் வெளிநாட்டில் எழுதப்பட்டவை. அவற்றில் "சேல்ஸ் டாக்ஸ்" என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் 18 என்று போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீழே உள்ள வரி விகிதங்கள் 22 செப்டம்பர் 2025 முதல் நடப்பில் உள்ளவை.

வாடகை என்பது பொருள் விற்பனையா, சேவையா? மென்பொருள் "குட்ஸ்" அல்லது "சர்வீஸ்" என்று கேட்கிறதே?

சேவை. ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுப்பது சேவை என்று மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஆகவே பில்லில் போக வேண்டியது 9973 என்று தொடங்கும், சேவைகளுக்கான எஸ்ஏசி குறியீடு. பொருளின் எச்எஸ்என் குறியீடு அல்ல. கம்ப்யூட்டர், லேப்டாப் 997315. அலுவலக இயந்திரங்கள் 997314. கட்டுமான இயந்திரங்கள் 997313. ஃபர்னிச்சர், வீட்டு உபயோகச் சாதனங்கள் 997323. எதிலும் அடங்காத பொருள்கள் 997329. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை இருந்தால் தொழில் நிறுவனங்களுக்குப் போடும் பில்லில் 4 இலக்கம் போதும். அதைத் தாண்டினால் 6 இலக்கம் கட்டாயம். எப்படியும் 6 இலக்கத்தையே பதிந்து வையுங்கள், பிறகு மாற்றுகிற வேலை மிச்சம்.

பழைய வாடகைப் பொருளை ஒருநாள் விற்றுத் தள்ளும்போது அது பொருள் விற்பனை. அப்போது எச்எஸ்என் குறியீடு வேண்டும். அதனால் ஒரே கேமராவுக்கு "வாடகை", "விற்பனை" என்று இரண்டு ஐட்டம் இருப்பது நல்லது.

சேவை என்றால் எல்லாவற்றுக்கும் 18% தானே?

இல்லை. மென்பொருள் விற்பவர்களே தவறாகச் சொல்லிக்கொடுக்கும் இடம் இது. இயக்குபவர் இல்லாமல் பொருளை மட்டும் வாடகைக்கு விட்டால், அந்தப் பொருளை விற்றால் என்ன வரியோ அதே வரிதான் வாடகைக்கும். லேப்டாப், மரக் கட்டில், ஏசி, புரொஜெக்டர் இவற்றுக்கு 18%. சைக்கிள், சக்கர நாற்காலி, மின்சார ஸ்கூட்டர், முழுக்க மூங்கில் அல்லது பிரம்பால் ஆன நாற்காலி இவற்றுக்கு 5%. 350 சிசி வரையுள்ள பைக் 18%, அதற்கு மேல் 40%. நந்தி மலைக்குப் போக வார இறுதியில் பைக் வாடகைக்கு விடும் கடையில் இந்த இரண்டு விகிதமும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும்.

ஆகவே வரியைக் கடை முழுவதற்கும் ஒன்றாக வைக்காமல் ஐட்டம் பிரிவில் வையுங்கள். இயக்குபவரோடு அனுப்பும் இயந்திரங்களுக்குக் குறியீடும் விகிதமும் வேறாகலாம். அவற்றைத் தனி ஐட்டமாக்கி ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எந்த வரிசையில் அமைப்பது?

முதலில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் மாநிலமும். கர்நாடகாவின் குறியீடு 29. அடுத்து தனித்தனி வரிகள்: உள்மாநிலப் பில்லுக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9, வெளிமாநிலப் பில்லுக்கு ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த வரி) 18, அதேபோல் 2.5, 2.5, 5, தேவைப்பட்டால் 20, 20, 40. பிறகு இவற்றைச் சேர்த்து "உள்மாநிலம் 18", "வெளிமாநிலம் 18" என்று தொகுப்புகள். அதன் பிறகே ஐட்டங்கள், வாடிக்கையாளர் வகைகள், விதிகள்.

உள்மாநில வரியை "ஜிஎஸ்டி 18" என்று ஒரே வரியாக உருவாக்காதீர்கள். பில்லில் இரண்டாகக் காட்ட வேண்டியது சட்டம். தவிர, கணக்கு மென்பொருளான டாலிக்குத் தரவு போகும்போது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று மூன்று லெட்ஜரிலும் தனித்தனியாக உட்கார வேண்டும். ஒன்றாகப் போனதை மாதக் கடைசியில் கையால் பிரிக்கும் வேலை யாருக்கும் வேண்டாம்.

சில மென்பொருளில் ஒரு ஆர்டருக்கு ஒரே ஒரு வரி விகிதம்தான் போட முடியும். அப்படிப்பட்டதை புக்கிங், இருப்பு, திரும்பி வரும் தேதி ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பில்லை டாலியிலோ வேறு கணக்கு மென்பொருளிலோ போடுவதே மேல். வளைத்து நெளித்து அதிலேயே பில் போட முயல்வது நேர விரயம்.

பொருள் ஓசூருக்குப் போகிறது. ஐஜிஎஸ்டி போட வேண்டுமா?

பொருள் எங்கே போகிறது என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாடகைதாரர் யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொருள் இறங்கும் முகவரியே வரியைத் தீர்மானிக்கும். அங்கே எழுதப்பட்ட மென்பொருளும் டெலிவரி முகவரியைப் பார்த்தே வரியைத் தேர்ந்தெடுக்கும். இங்கே, நகரக்கூடிய பொருளின் வாடகைக்கு ஐஜிஎஸ்டி சட்டத்தின் 12(2) பிரிவு பொருந்தும். வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அவருடைய பதிவு எந்த மாநிலமோ அதுவே சேவை சென்றடையும் இடம். லாரி எங்கே போனாலும் அது மாறாது.

கோரமங்களாவில் உள்ள ஒரு படப்பிடிப்பு நிறுவனம், 29 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணோடு விளக்குகளை எடுத்து ஓசூரில் இறக்குகிறது. பொருள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டது. ஆனால் பில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 தான். இதற்கு நேர்மாறாக, சென்னையில் மட்டும் பதிவுள்ள, 33 என்று தொடங்கும் எண் கொண்ட நிறுவனம் வைட்ஃபீல்டில் நடத்தும் கூட்டத்துக்குப் புரொஜெக்டர் எடுக்கிறது. பொருள் பெங்களூரை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை. ஆனால் ஐஜிஎஸ்டி 18%. டெலிவரி முகவரியை நம்பும் மென்பொருள் இரண்டையும் தலைகீழாகப் போடும்.

சரிசெய்யும் வழி: வரி விதியில் "ஷிப்பிங் அட்ரஸ்" என்றிருப்பதை "பில்லிங் அட்ரஸ்" என்று மாற்றுங்கள். அதைவிடப் பத்திரமான வழி, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்திலிருந்து மாநிலத்தை எடுப்பது. 15 எழுத்து கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். படிவத்தில் வாடிக்கையாளர் பெங்களூரு முகவரியைத் தட்டிவிட்டு, கீழே 33 எண்ணைக் கொடுப்பது தினமும் நடக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆர்டர் நிற்கும்படி ஒரு சோதனையை வையுங்கள். சென்னையில் தலைமை அலுவலகம், இங்கே கிளை என்று இரண்டு எண் வைத்திருப்பவர்களிடம் எந்த எண்ணில் பில் வேண்டும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பொருளோடு ஆட்களும் சேர்ந்து போய் முழு நிகழ்ச்சியையும் நடத்திக் கொடுப்பது நிகழ்ச்சி ஏற்பாட்டுச் சேவை. அதில் பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு நிகழ்ச்சி நடக்கும் இடமே கணக்கு.

ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர்?

உங்கள் பதிவேட்டில் அவருடைய முகவரி இருந்தால் அந்த மாநிலம். முகவரியே இல்லாவிட்டால் உங்கள் மாநிலம். வாடகைத் தொழிலில் அடையாள அட்டை வாங்காமல் யாரும் பொருளைக் கொடுப்பதில்லை, எனவே முகவரி இருக்கும். பெங்களூரில் தங்கி வேலை பார்ப்பவர் மதுரை முகவரி உள்ள ஆதாரைக் கொடுத்தால் என்ன செய்வது? அவர் இப்போது குடியிருக்கும் முகவரியையும் கேட்டு, அதையே பில்லிங் முகவரியாகப் பதியுங்கள். மென்பொருளில் "அடையாள முகவரி", "பில் முகவரி" என்று இரண்டு கட்டம் இருந்தால் குழப்பம் வராது.

மான்யதா, வைட்ஃபீல்டு டெக் பார்க்குகளில் உள்ள நிறுவனங்கள் வரியே வேண்டாம் என்கிறார்களே?

அவர்கள் சிறப்புப் பொருளாதார மண்டல யூனிட்டாக இருந்தால் நியாயமான பேச்சு. பெங்களூருக்குள்ளேயே இருந்தாலும் அப்படிப்பட்ட யூனிட்டுக்குக் கொடுப்பது வெளிமாநில சப்ளையாகவே கருதப்படும். இரண்டு வழி உண்டு: நீங்கள் எல்யுடி (வரி கட்டாமல் சப்ளை செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்திருந்தால் வரி பூஜ்யம், இல்லாவிட்டால் ஐஜிஎஸ்டி போட்டு, கட்டிவிட்டு, ரீஃபண்ட் கேட்பது. எந்த வழியிலும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரக் கூடாது.

ஒரே வளாகத்தில் ஒரு கட்டடம் மண்டலத்துக்குள்ளும் பக்கத்துக் கட்டடம் வெளியிலும் இருக்கலாம். ஒரே நிறுவனம் இரண்டிலும் இருந்தால் மண்டல யூனிட்டுக்குத் தனி ஜிஎஸ்டி எண் இருக்கும், அதுவும் 29 என்றே தொடங்கும். ஆகவே முதல் இரண்டு இலக்க விதி இங்கே செல்லாது. இதற்கென்று தனி வாடிக்கையாளர் வகையை உருவாக்கி, அந்த வகைக்கு வரி விதியை முதலில் ஓடவிடுங்கள். எல்யுடி ஒரு நிதியாண்டுக்குத்தான். ஏப்ரலில் புதுப்பிக்க மறந்தால் மென்பொருள் பாட்டுக்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டே இருக்கும். "எல்யுடி-யின் கீழ், ஒருங்கிணைந்த வரி செலுத்தாமல்" என்ற பொருள்படும் வாசகம் பில்லிலும் அச்சாக வேண்டும்.

டெபாசிட்டுக்கு வரி உண்டா?

திருப்பிக் கொடுக்கும் டெபாசிட்டுக்கு இல்லை. அதில் கைவைத்து வாடகைக்குக் கழிக்கும் நாளில் உண்டு. 11,800 ரூபாய் டெபாசிட்டை 18% பொருளின் பாக்கி வாடகைக்காக முழுதாக எடுத்துக்கொண்டால், அதில் 10,000 வாடகை, 1,800 வரி. டெபாசிட்டை "பொருள்" என்ற பட்டியலில் ஐட்டமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. மென்பொருள் அதற்கும் 18% போட்டுவிடும். அது வருமானத்தில் போகாமல் கடன் பக்கத்தில் நிற்கும் தனி லெட்ஜராக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வாங்கும் அட்வான்ஸ்?

அதற்கு வரி உண்டு, வாங்கிய மாதத்திலேயே. பொருள் விற்பனை அட்வான்ஸுக்கு வரி இல்லை என்ற சலுகை 2017 நவம்பரிலிருந்து உண்டு, அது சேவைக்குப் பொருந்தாது. 5,000 ரூபாய் அட்வான்ஸ் என்றால் வரி அதற்குள்ளேயே அடங்கியதாகக் கணக்கிடுங்கள்: 5,000 × 18 ÷ 118 = 762.71. அடிப்படை 4,237.29.

மென்பொருள் இதற்கு ரசீது வவுச்சர் போட வேண்டும். ஆர்டர் ரத்தாகிப் பணம் திரும்பினால் ரீஃபண்ட் வவுச்சர். அதே மாதத்தில் பில்லும் போட்டுவிட்டால் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. மாதம் தாண்டினால் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் 11ஏ அட்டவணையில் வரவு, பில் போடும் மாதத்தில் 11பி-யில் கழிவு. பல வாடகை மென்பொருளில் இந்த அறிக்கை கிடையாது. "பில் ஆகாத அட்வான்ஸ்" என்று ஒரு பட்டியலை மாத முடிவில் எடுக்க வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். டெபாசிட்டையும் அட்வான்ஸையும் ஒரே கட்டத்தில் பதியும் மென்பொருளை வாங்காதீர்கள்.

தாமதம், சேதம், டெலிவரி கட்டணங்கள்?

டெலிவரி, ஏற்றுக்கூலி, பொருத்தும் கட்டணம் எல்லாம் வாடகையோடு ஒட்டியவை, வாடகையின் விகிதமே. கூடுதல் நாள் வைத்திருந்ததற்கான தொகை வாடகைதான். பணம் தாமதமானதற்கு வாங்கும் வட்டிக்கும் வரி உண்டு, அந்த வட்டி கைக்கு வந்த நாளில்.

சேதம் வேறு விஷயம். உடைந்த பொருளுக்கு வாங்கும் இழப்பீடு எந்தச் சேவைக்குமான விலை அல்ல என்ற நிலைப்பாடு மத்திய வரி வாரியத்தின் 3 ஆகஸ்ட் 2022 தேதியிட்ட 178ஆம் சுற்றறிக்கையில் இருக்கிறது. ஆனால் "கிளீனிங் சார்ஜ்" என்றும் "ரிப்பேர் சார்ஜ்" என்றும் பில் போட்டால் அது சேவை, வரி உண்டு. மென்பொருளில் "சேத இழப்பீடு", "சுத்தம் செய்யும் கட்டணம்" என்று இரண்டு ஐட்டம் வைத்து, முன்னதற்கு வரி இல்லாத வகை, பின்னதற்கு வரி என்று பிரியுங்கள். ஒப்பந்த வாசகமும் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும். வாசகம் ஒன்று சொல்லி பில் வேறு சொன்னால் வாதம் நிற்காது. பொருள் உடைந்தாலும் கேட்க மாட்டோம் என்று முன்கூட்டியே வாங்கும் "டேமேஜ் வெய்வர்" கட்டணத்துக்கு வரி உண்டு.

விகிதம் மாறினால் பழையதைத் திருத்தினால் போதுமா?

ஒருபோதும் திருத்தாதீர்கள். புதிய வரியை உருவாக்கி, பழையதற்கு முடிவுத் தேதி கொடுங்கள். 21 செப்டம்பர் 2025 வரை ஏசி வாடகைக்கு 28%, மறுநாளிலிருந்து 18%. மாதம் 2,000 ரூபாய் வாடகையில் வரி 560லிருந்து 360 ஆனது. 2025 ஆகஸ்ட் பில்லுக்கு இப்போது கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டால் அது 28%-இல்தான் போக வேண்டும். பழைய வரியின் மீதே 18 என்று எழுதிவிட்டால் மென்பொருள் 18-இல் கிரெடிட் நோட் போடும். பில்லும் நோட்டும் ஒத்துப்போகாது.

மாற்றத்தின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் பில்களுக்கு சிஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு. சேவை முடிந்தது, பில் போட்டது, பணம் வந்தது: மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம். வாடகை செப்டம்பர் 18-இல் முடிந்து, பில் 20-இல் போட்டு, பணம் 30-இல் வந்தால் 28%. பில்லையும் 25-ஆம் தேதி போட்டிருந்தால் 18%. பில் தேதியை மட்டும் பார்க்கும் மென்பொருள் எல்லா நேரமும் இதைச் சரியாகப் போடாது; மாற்றத்தை ஒட்டிய இரண்டு வாரப் பில்களைக் கையால் பார்த்தே ஆக வேண்டும்.

பேக்கேஜ் விலை வைத்திருக்கிறேன். நோயாளிக்குச் சக்கர நாற்காலியும் ஏசியும் சேர்த்து ஒரே தொகை.

ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத பொருள்களை ஒரே விலைக்குக் கொடுத்தால் அதிக விகிதம் எதுவோ அது முழுத் தொகைக்கும். 5% நாற்காலியும் 18%-க்குப் போய்விடும். பேக்கேஜைத் திரையில் காட்டுங்கள், பில்லில் தனித்தனி விலையோடு பிரித்துப் போடுங்கள்.

வரி ஒரு பைசா இடிக்கிறது. ஏன்?

நாள் வாடகை 382.50 வீதம் 3 நாள், 1,147.50. 18% என்றால் 206.55. ஆனால் 9% என்பது 103.275, பைசாவுக்கு முழுமையாக்கினால் 103.28. இரண்டு மடங்கு 206.56. மொத்த வரியைக் கணக்கிட்டுப் பிறகு பாதியாக வெட்டும் மென்பொருள் ஒரு பக்கம் 103.28, மறுபக்கம் 103.27 என்று போடும். இரண்டு பாதியும் சமமாக இருக்க வேண்டும். ஆகவே 9, 9 என்று தனித்தனியாகக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பில்லின் ஒவ்வொரு ஐட்டத்திலும் முழுமையாக்குவதா, மொத்தத்திலா என்ற அமைப்பு டாலியிலும் இங்கும் ஒன்றாக இருக்கட்டும். கடைசியில் ரூபாய்க்கு முழுமையாக்கும் பைசாக்களுக்கு வரி இல்லாத "ரவுண்ட் ஆஃப்" லெட்ஜர்.

"வரி உட்பட" விலை வைக்கலாமா?

வைக்கலாம். 1,180 என்று வைத்தால் வரி 180 வருகிறதா என்று பாருங்கள். 212.40 வந்தால் மென்பொருள் மொத்தத்தின் மீதே 18% போடுகிறது, அமைப்பு தவறு.

பில் எண்ணில் என்ன கட்டுப்பாடு?

16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, ஹைஃபனும் சாய்கோடும் தவிர வேறு குறி கூடாது. இரண்டு ஆங்கில எழுத்து, சாய்கோடு, 25-26, சாய்கோடு, ஐந்து இலக்கம் என்றால் மொத்தம் 14, பொருந்தும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் தொழில் நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் ஏற்றிப் பதிவது, கட்டாயம். அங்கே பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைத் தளம் ஏற்காது. 10 கோடியும் அதற்கு மேலும் என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

மாத வாடகைக்கு எப்போது பில்?

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, தவணை வைத்துப் பணம் வாங்கும் ஒப்பந்தம் தொடர் சேவை. ஒப்பந்தத்தில் 5ஆம் தேதி பணம் என்றிருந்தால் அந்தத் தேதிக்குள் பில் போட வேண்டும். பணம் வந்த பிறகு பில் போடும் தானியங்கி அமைப்பை அணைத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் 2% பிடித்துக்கொண்டு பணம் அனுப்புகிறார். பில்லைக் குறைக்கவா?

வேண்டாம். அது இயந்திர வாடகைக்கான டிடிஎஸ், அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி, தள்ளுபடி அல்ல. ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்ட பில்லில் வாடகைத் தொகை மீது மட்டும் பிடிப்பார்கள். 10,000 வாடகை, 1,800 வரி என்றால் கைக்கு வருவது 11,600. மீதி 200-ஐ டிடிஎஸ் வரவு லெட்ஜரில் பதிந்து பில்லை மூடுங்கள்.

பொருளை அனுப்பும்போது பில் அனுப்பினால் போதாதா?

டெலிவரி சலான் வேண்டும், மூன்று பிரதி: பெறுபவருக்கு, வண்டிக்காரருக்கு, உங்களுக்கு. அதில் காட்டும் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில்லும் வேண்டும். திரும்பி வரும்போதும் காகிதம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேரடியாக இயக்கும் முன் எதைச் சோதிப்பது?

ஏழு போலி ஆர்டர் போடுங்கள்: 29 எண், பொருள் ஓசூருக்கு; 33 எண், பொருள் வைட்ஃபீல்டுக்கு; மண்டல யூனிட், எல்யுடியோடு; எண் இல்லாத உள்ளூர்க்காரர், டெபாசிட்டும் அட்வான்ஸும் கொடுத்து; 5%-உம் 18%-உம் கலந்த பில்; பாதியில் பொருளைத் திருப்பி கிரெடிட் நோட்; பழைய விகிதத் தேதியில் ஒரு பில். ஒவ்வொன்றையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, பிறகு ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றுமதிக் கோப்பில் சரியான அட்டவணைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். திரையில் சரியாக இருந்து கோப்பில் மாநிலம் காலியாக இருப்பது உண்டு.

ஏற்கெனவே ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கட்டிவிட்டேன். இனி?

சரியான வரியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். சரியான வரிக்கு வட்டி இல்லை. சரியானதைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிரெடிட் நோட் போட்டுச் சரியான பில்லைப் புதிதாகக் கொடுக்கவும் வழி உண்டு. 2025-26 பில்களுக்கு அதற்கான கெடு 30 நவம்பர் 2026, அல்லது அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்த நாள். வாடிக்கையாளர் பழைய பில்லில் கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாகத் தன் வரியில் கழித்திருந்தால் அவர் அதைத் திருப்ப வேண்டியிருக்கும், ஆகவே நோட் போடும் முன் அவருடைய கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.